ஊசி லேஸ் பேடை எதன் மேல் வைத்துப் போடுவது? கட்டைவிரல் வலி, கழுத்து வலி

வெண்நூல்:

எல்லோருக்கும் வணக்கம்.

ஊசி லேஸில், அதாவது துணியில் குத்தாமல் ஊசியும் நூலும் மட்டும் கொண்டு தையல்களாலேயே உருவாக்கும் லேஸில், ஓர் இலை போட்டுக்கொண்டிருக்கிறேன். 9 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். பேட், அதாவது லேஸ் முடிந்ததும் பிரித்தெடுத்துவிடும் அடித்தளம், இப்படி: அடியில் இரண்டு மடிப்புக் காடாத் துணி, அதன் மேல் டிரேசிங் பேப்பரில் வரைந்த டிசைன், அதற்கு மேல் நீலநிற ஒட்டுத்தாள். டிசைன் கோட்டின் மேல் எல்லைநூலை இரட்டையாகப் பதித்து 3 மி.மீ.க்கு ஒன்று வீதம் கவுச்சிங் (அந்த நூலைப் பேடோடு பிடித்துவைக்கும் சிறு கட்டுத்தையல்) போட்டாயிற்று. உள்ளே நிரப்புவது 80-ஆம் நம்பர் காட்டன் நூலில் கார்டட் பிரசல்ஸ் (ஒரு வரிசை காஜா தையல், திரும்பி வரும்போது நேராக ஒரு நாண்நூல், இப்படி மாறி மாறி). ஊசி 26-ஆம் நம்பர் டேப்பெஸ்ட்ரி, மொட்டை முனை.

தையல் வருகிறது, பிடிப்பதுதான் வரவில்லை. கையில் பிடித்தால் அரைமணி நேரத்தில் இடது கட்டைவிரலின் அடி மூட்டு கடுக்கிறது, பேடின் ஓரங்களும் உள்பக்கமாகச் சுருண்டுகொள்கின்றன. மேசையில் தட்டையாக வைத்தால் ஊசிமுனை நூலோடு சேர்த்துத் துணியையும் குத்தி எடுக்கிறது, கழுத்தும் முழுக்கக் குனிகிறது. மடியில் தலையணை வைத்தால் அமுங்கிப் போகிறது. எம்பிராய்டரி வளையத்தில் மாட்டினாலும் மேசையில் வைத்ததற்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

உருளைத் தலையணை என்கிறார்களே, அதன் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும், உள்ளே என்ன அடைப்பது, எந்த உயரத்தில் வைப்பது? வீட்டில் நாகர்கோவில் லேஸ் போடும் பழைய தலையணை ஒன்று இருக்கிறது. அது இதற்கு ஆகுமா?

---

மொட்டைஊசி:

தோழி, உங்களுக்கு வேண்டியது உருளைதான். அது ஏன் என்று பிடிபட்டுவிட்டால் விட்டத்தை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

ஊசி நூலுக்கு அடியில் நுழையும் அந்த ஒரு நொடியை மட்டும் உற்றுப் பாருங்கள். ஊசி லேஸில் ஊசி எக்காரணம் கொண்டும் துணிக்குள் போகக் கூடாது. முந்தைய வரிசையின் வளைவுக்கும் ஒட்டுத்தாளுக்கும் நடுவே, தாளை உரசிக்கொண்டு போய் வெளியே வர வேண்டும். பேட் தட்டையாகக் கிடந்தால், ஊசியைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு அடியில் இடம் இல்லை. விரலின் தடிமன் ஊசியின் காதுப் பக்கத்தைத் தூக்கிவிடும், முனை கீழ்நோக்கிச் சாயும். சாய்ந்த முனை மொட்டையாக இருந்தாலும் தாளைக் கீறி, துணி இழையைத் தூக்கும். உங்களுக்கு நடப்பது இதுதான். கையில் கோளாறு இல்லை.

பேட் வெளிப்புறமாக வளைந்திருந்தால் கதை மாறுகிறது. 10 செ.மீ. விட்ட உருளையின் உச்சியில் ஊசி படிந்தால், அது தொடும் இடத்திலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளித் துணி 2 மி.மீ.க்கு மேல் தாழ்ந்திருக்கும். விரலுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. முனையும் மறுபக்கம் தானாகக் காற்றில் வந்து நிற்கிறது, அதைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

அதனால் உருளை கிடக்க வேண்டிய திசையும் முடிவாகிவிடுகிறது. காஜா தையலின் வரிசை இடமிருந்து வலமாக ஓடுகிறது, ஊசி மேலும் கீழுமாக நகர்கிறது. வளைவு ஊசி போகும் திசையில் இருக்க வேண்டும். ஆகவே உருளை உங்களுக்குக் குறுக்கே, இடவலமாக, வரிசைக்கு இணையாகக் கிடக்கட்டும். நெடுக்காக வைத்தால் வளைவால் ஒரு பயனும் இல்லை. உருளை வாங்கியும் கஷ்டம் தீரவில்லை என்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

விட்டம்: உங்கள் இலைக்கு 8 முதல் 10 செ.மீ. போதும். 3 செ.மீ.க்கும் குறைவான சின்னப் பூ, மொட்டு என்றால் 5, 6 செ.மீ. விட்டம் நன்றாக இருக்கும். அதற்கும் மெல்லியது வேண்டாம். துடைப்பக் கட்டை போன்ற 3 செ.மீ. உருளையில் ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு வரிசைதான் உச்சியில் நிற்கும், நிமிடத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டிவரும். இன்னொன்றும் உண்டு. அவ்வளவு கூர்மையான வளைவில் பேடின் மேல்பரப்பு நீண்டுகொள்ளும். அந்த நீளத்துக்குப் போட்ட தையல், பேடை விரித்ததும் தளர்ந்து உப்பும்.

இதற்கு நேர் எதிரானது, நீங்கள் சொன்ன உள்பக்கச் சுருளல். பேட் கிண்ணம் போல் குழிந்திருக்கும்போது திரும்பி வரும் நாண்நூல் குழியைத் தொடாமல் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும். பேடைத் தட்டையாக்கியதும் அந்த நூல் குட்டையாகிவிடும், எல்லைநூலை உள்ளே இழுக்கும். இலையின் இடுப்பு சுருங்குவதும், கவுச்சிங் கட்டுகள் ஒவ்வொன்றாக அறுவதும் பெரும்பாலும் இதனால்தான். நூலை இறுக்கி இழுத்ததால் என்று நினைத்துத் தையலைத் தளர்த்துவார்கள். அது தவறு, மாற்ற வேண்டியது பேடின் வளைவை.

செய்முறை. ஹார்டுவேர் கடையில் 75 மி.மீ. பிவிசி குழாய் 28 செ.மீ. நீளத்துக்கு வெட்டி வாங்குங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். 3 மி.மீ. தடிமனுள்ள பழைய கம்பளியில் 28 செ.மீ. அகலம், 110 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை. அதைக் குழாய் மேல் நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இறுக்கிச் சுற்ற வேண்டும். கம்பளி 12 மி.மீ. கனம் ஏறி, மொத்த விட்டம் சுமார் 10 செ.மீ. வரும். குண்டூசி சாய்வாக இறங்கிப் பிடிக்க அந்த 12 மி.மீ. கட்டாயம் வேண்டும். இரண்டு சுற்றோடு நிறுத்தினால் ஊசிமுனை குழாயில் முட்டி மழுங்கும், பேட் நழுவும்.

மேலே உறை: கரும்பச்சை அல்லது கருநீலக் காட்டன் துணி, 34 × 42 செ.மீ. நீளவாக்கில் மூட்டி, இரு முனையிலும் நாடா கோத்துச் சுருக்கிக் கட்டுங்கள். வெள்ளைநூல் வேலைக்கு அடர்நிறமே கண்ணுக்கு இதம். பூப்போட்ட துணி வேண்டாம், கட்டம் போட்டதும் வேண்டாம்.

உருளை உருளாமல் இருக்க மணல்பை. 30 × 22 செ.மீ. பையில் கழுவிக் காயவைத்துச் சலித்த ஆற்று மணல் 2 கிலோ. முழுக்க அடைக்காமல் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள். தளர்வாக இருந்தால்தான் உருளையை அழுத்தியதும் மணல் ஒதுங்கித் தொட்டில் போல் ஒரு பள்ளம் விழும். உள்பை கெட்டித் துணியில் இரட்டைத் தையல், வெளிப்பை தனி. ஒரு மணல் துகள் நூலோடு சேர்ந்தாலும் 80-ஆம் நம்பர் நூல் பிசிறடித்துவிடும்.

அடைப்பதற்குப் பஞ்சு வேண்டாம். இலவம்பஞ்சு எவ்வளவு திணித்தாலும் குண்டூசி ஆடும், ஒரே இடத்தில் கை படியப் படியக் குழி விழும். குழாய் கிடைக்காவிட்டால் தச்சுப்பட்டறை மரத்தூள் நல்லது. இரண்டு நாள் வெயிலில் காயவைத்துச் சலித்து, கெட்டித் துணிக் குழலில் கரண்டிக் காம்பால் இடித்து இடித்து அடைக்க வேண்டும். காயாத தூளில் குண்டூசி துருப்பிடிக்கும், துரு பேடில் இறங்கும். தானியம் அடைத்தால் வண்டு வரும். தெர்மாகோலில் ஒருமுறை குத்திய துளை அப்படியே நிற்கும், மறுமுறை பிடிக்காது.

நாகர்கோவில் தலையணையைப் பற்றி. 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது பாபின் லேஸ், சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றோடொன்று பின்னிப் போடுவது. அதில் ஒவ்வொரு பின்னலையும் குண்டூசிதான் தாங்குகிறது. நிறைய ஊசிகள் செங்குத்தாக நிற்க வேண்டும், அதனால் அந்தத் தலையணை கல் போல் கெட்டியாக இருக்கும். நமக்கோ பேடின் ஓரத்தில் ஆறு ஊசி போதும், தையலைத் தாங்குவது எல்லைநூல். ஆனால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் 5, 6 செ.மீ. விட்ட மர உருளை ஒன்றை வைத்து, பேடை உருளை மேல் போர்த்தி, இரு ஓரங்களையும் தலையணையில் குத்திப் பாருங்கள். இத்தாலியின் புரானோ தீவில் ஊசி லேஸ் போடுவது ஏறக்குறைய இப்படித்தான். மடியில் தலையணை, அதன் மேல் சிறிய மர உருளை, உருளை மேல் வேலை. அந்த உருளையை அவர்கள் முரெல்லோ என்பார்கள். தலையணை உயரத்தைத் தருகிறது, உருளை வளைவைத் தருகிறது. இரண்டு வேலைக்கு இரண்டு பொருள் என்பதுதான் அந்த அமைப்பின் அழகு.

---

குமிழ்முனை:

மொட்டைஊசி அக்கா சொன்ன வளைவுக் கணக்கு முழுக்கச் சரி. ஆனால் உருளை இல்லாமல் நல்ல ஊசி லேஸ் வராது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரான்சின் அலான்சோனில் இன்றும் கையில் பிடித்துத்தான் போடுகிறார்கள். டிசைன் தாளை இடது சுட்டுவிரல் மேல் வளைத்து, அந்த விரலையே உருளையாக்கிக்கொள்கிறார்கள். 1665-இல் பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர் தொடங்கிவைத்த அரசுத் தயாரிப்பின் வழியில் வந்த கலை அது. 2010-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. ஆக, கைப்பிடி தவறான முறை அல்ல. வலி தருவது கிள்ளிப் பிடிப்பது.

வெண்நூல், உங்கள் பிடியைப் பாருங்கள். கட்டைவிரல் பேடின் மேலே, மற்ற நான்கு விரலும் கீழே, சாவியைப் பிடிப்பது போல் அழுத்தம். பேடை விழாமல் காப்பதும் கட்டைவிரல், தையல் இறுகும்போது நூலை அடக்குவதும் கட்டைவிரல். இரண்டில் ஒன்றை அதனிடமிருந்து எடுத்துவிட வேண்டும். நூலை அடக்கும் வேலை அதற்கே உரியது. பேடைத் தாங்கும் வேலையை உள்ளங்கைக்கு மாற்றலாம்.

இதற்கு ஏசி மெக்கானிக் கடையில் கிடைக்கும் கருப்பு ஃபோம் குழாய் மிக நன்றாக உதவும், தாமிரக் குழாய் மேல் மாட்டுவார்களே, அது. உள்விட்டம் 19 மி.மீ., சுவர் 13 மி.மீ. உள்ளது கேளுங்கள். வெளிவிட்டம் 45 மி.மீ. வரும், ஒரு டம்ளரைப் பிடிப்பது போல் உள்ளங்கையில் இயல்பாக அடங்கும். 15 செ.மீ. நீளம் வெட்டி, உள்ளே மரக்குச்சி ஒன்றைச் செருகுங்கள், இல்லாவிட்டால் நடுவில் மடங்கும். மேலே பழைய காட்டன் துணியால் ஓர் உறை அவசியம். வெறும் ஃபோம் நாளடைவில் கருப்பாக ஒட்டும். பேடைப் போர்த்தி ஓரங்களைக் குண்டூசியால் குத்துங்கள். மோதிரவிரலும் சுண்டுவிரலும் குழாயைத் தாங்கும், சுட்டுவிரலும் நடுவிரலும் வெறுமனே படிந்திருக்கும், கட்டைவிரல் நூலுக்கு மட்டும் இறங்கி ஏறும்.

9 செ.மீ. இலை முழுவதற்கும் இது பெரிய உதவி இல்லை. உருளை மெல்லியது என்பதால் மேலே அக்கா எச்சரித்த தளர்வு வரும். ஆனால் நடுநரம்பு, காம்பு, 2 செ.மீ.க்குள் அடங்கும் அறைகள் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். பேருந்திலும் ரயிலிலும் கூட எடுத்துப் போகலாம்.

கையில் பிடிக்கிற எல்லோருக்கும் ஒன்று. முழங்கை அந்தரத்தில் நிற்கக் கூடாது. நாற்காலிக் கையிலோ, விலாவுக்கு ஒட்டிவைத்த குட்டித் தலையணையிலோ இடது முழங்கை ஊன்றியிருக்க வேண்டும். அப்போதுதான் வேலை முகத்துக்கு உயர்ந்து வரும், முகம் வேலைக்குத் தாழாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு வரிசை முடிந்த இடத்தில், பேடைக் கீழே வைத்து விரல்களை முழுக்க விரியுங்கள். நடு வரிசையில் வைத்தால் இழுவை மாறி அந்த இடம் கோடாகத் தெரியும்.

---

வெண்நூல்:

இருவருக்கும் மிக்க நன்றி. முரெல்லோ முறையையும் குழாய் உருளையையும் இரண்டையுமே செய்யப் போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம்.

எல்லைநூலை ஒட்டி டிரேசிங் பேப்பர் ஏற்கெனவே ஓரிரு இடத்தில் விண்டிருக்கிறது. உருளையில் வளைத்தால் முழுக்கக் கிழிந்துவிடாதா? இரண்டாவது, குண்டூசித் தலைகளில் நூல் மாட்டிக்கொண்டே இருக்கும் என்று கேள்விப்பட்டேன். ஆரி வேலை (கொக்கி ஊசி எம்பிராய்டரி) செய்பவர்கள் ‘காட்’ என்னும் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிவிடுகிறார்களே, அப்படி ஓரத்தை நூலால் கட்டிவிடலாமா?

---

காடாத்துணி:

தாள் கிழிவது கவுச்சிங் துளைகளால். ஒரே கோட்டில் நெருக்கமாகத் துளை விழுந்தால் தபால்தலை ஓரம் போல் ஆகிவிடும், வளைக்கிற இடத்தில் பிரிந்து வரும். உங்கள் 3 மி.மீ. இடைவெளி நேர்கோட்டுக்குச் சரி. வளைவுகளில் 2 மி.மீ. வரை நெருங்கலாம், அதற்குக் கீழே போக வேண்டாம். இலை நுனி போன்ற கூர்முனையில் மட்டும் உச்சியில் ஒரு கட்டு, இருபுறமும் ஒன்றரை மி.மீ. தள்ளி ஒவ்வொரு கட்டு. துளையின் அளவும் முக்கியம். கவுச்சிங் போட 10-ஆம் நம்பர் கூர் ஊசியும் மெல்லிய தையல் நூலும் போதும். கட்டை ஊசியால் போட்டால் எந்தத் தாளும் தாங்காது.

அடுத்த பேடுக்கு ஒட்டுத்தாளை மேலே மட்டும் ஒட்டாமல், டிரேசிங் பேப்பரின் அடியிலும் ஒன்று ஒட்டுங்கள். நடுவில் தாள், இருபுறமும் பிளாஸ்டிக். வளைவைப் பிளாஸ்டிக் தாங்கிக்கொள்ளும். பளபளப்பில்லாத தாளாகப் பார்த்து வாங்குங்கள். பளபளக்கும் தாள் உருளை உச்சியில் விளக்கை அப்படியே கண்ணில் அடிக்கும், வெள்ளைநூல் அதற்குள் மறைந்துபோகும். அட்டை, சார்ட் பேப்பர் இதற்கு ஆகவே ஆகாது. உருளையில் மடிப்புக் கோடு விழும், அந்தக் கோட்டின் மேல் போட்ட தையல் தனியாகத் தெரியும்.

இப்போது கையில் இருக்கும் இலையைக் காப்பாற்ற, கிழிந்த இடத்துக்கு நேர் கீழே, இரண்டு துணிக்கும் அடியில் மெல்லிய காட்டன் துண்டு ஒன்றை வைத்து, டிசைனுக்கு வெளியே சுற்றிலும் ஓடுதையல் போட்டுவிடுங்கள். மேலே டேப் ஒட்டாதீர்கள். பசை ஊசியில் ஏறி, ஊசியிலிருந்து நூலில் ஏறும்.

குண்டூசி சிக்கலுக்கு இரண்டு வழி. ஒன்று, பேட் வெட்டும்போதே டிசைனைச் சுற்றி 5 செ.மீ. வெறுந்துணி விடுவது. ஊசிகள் அந்த ஓரத்தில், டிசைனிலிருந்து விலகி, வெளிப்புறம் சாய்ந்து, தலை துணியில் அழுந்தும்வரை இறங்க வேண்டும். மூலைக்கு ஒன்று, நீளப்பக்கத்தின் நடுவில் ஒவ்வொன்று, ஆக ஆறு. துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை ஊசி வாங்குங்கள். கடலோர ஊர்களில் சாதாரண ஊசி ஒரு மழைக்காலம் தாங்காது.

இரண்டாவது வழி மேல்துணி. 30 செ.மீ. சதுர மெல்லிய அடர்நிறத் துணியின் நடுவில் 4 செ.மீ. ஜன்னல் வெட்டி, விளிம்பை மடித்துத் தையுங்கள். மடிக்காமல் விட்டால் அந்தப் பிசிறே நூலைப் பிடிக்கும். போட வேண்டிய இடத்துக்கு நேராக ஜன்னலை வைத்தால் குண்டூசித் தலைகள் எல்லாம் உள்ளே மறையும், நூல் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளங்கை வியர்வையும் முடிந்த லேஸில் படாது. வெள்ளை லேஸ் மஞ்சளிப்பதற்கு இந்த வியர்வை ஒரு பெரிய காரணம். கைக்குப் பவுடர் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். பவுடர் நூலில் கட்டிகட்டியாகச் சேரும்.

ஓரத்தை நூலால் கட்டுவது பற்றி. ஆரிக் காட்டில் துணியை முரசு போல் இழுத்துக் கட்டுவது, ஊசி மேலிருந்து கீழே குத்தி எடுப்பதற்காக. அந்த வேலைக்கு அந்த இறுக்கம்தான் உயிர். நமக்கு ஊசி குத்தவே போவதில்லை. உருளையில் பேட் சுருக்கமில்லாமல் படிந்திருந்தால் போதும். இறுக்கி இழுத்தால் காடாத் துணி குறுக்கே நீண்டு எல்லைநூல் தளரும். நூலால் கட்டினால் இன்னொரு சிக்கல், ஒவ்வொரு முறை பேடைத் திருப்பும்போதும் அவிழ்க்க வேண்டும். உங்கள் இலையில் நரம்புக்கு இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு. பாதியில் எல்லா ஊசியையும் எடுத்துப் பேடைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

---

மொட்டைஊசி:

காடாத்துணி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசை ஏற ஏற வேலை உச்சியைவிட்டு இறங்கிவிடும். ஒன்றரை, இரண்டு செ.மீ.க்கு ஒருமுறை உருளையை மணல்பையில் அப்படியே சுழற்றுங்கள், குண்டூசியைத் தொட வேண்டாம். பேடின் திசை மாற வேண்டியிருந்தால் மட்டும் ஊசிகளை எடுங்கள். உடம்பைச் சாய்த்து எட்டிப் போடுகிறோம் என்று தோன்றினால் உருளையைத் திருப்பும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

---

ஜன்னலோரம்:

உயரம் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கழுத்து வலிக்கு மருந்து அதில்தான் இருக்கிறது.

சாதாரணச் சாப்பாட்டு மேசை 75 செ.மீ. உயரம். அதன் மேல் மணல்பையும் உருளையும் சேர்ந்தால் உருளையின் உச்சி 88 செ.மீ. அளவில் வரும். நாற்காலி 45 செ.மீ. என்றால் முழங்கை தரையிலிருந்து சுமார் 65 செ.மீ.யில் நிற்கும். 23 செ.மீ. வித்தியாசம் அதிகம், தோள் தூக்கிக்கொள்ளும், வலி கழுத்திலிருந்து தோளுக்கு இடம் மாறும். வேலை முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ. வரை மேலே இருப்பது நல்லது, முன்கை கட்டாயம் எதிலாவது படிந்திருக்க வேண்டும். நாற்காலியில் 8 செ.மீ. கெட்டி மெத்தை ஒன்று போடுங்கள், காலுக்கு அடியில் அதே உயரத்தில் பலகை ஒன்று. கால் தொங்கினால் இடுப்பு முன்னால் சரியும், பிறகு முதுகு எப்படி நிமிரும்?

மேசைக்கும் உருளை உச்சிக்கும் 13 செ.மீ. இடைவெளி இருப்பதால் மணிக்கட்டு பின்பக்கம் மடியும். உருளைக்கு இருபுறமும் துண்டைச் சுருட்டி 6, 7 செ.மீ. உயரத்துக்கு வைத்து, முன்கையை அதன் மேல் கிடத்துங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் வலது மணிக்கட்டு வலிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தரையில் சம்மணமிட்டு உட்காருபவர்களுக்கு, பழைய கணக்குப்பிள்ளை சாய்வு மேசை மிகப் பொருத்தம். சாய்வின் கீழ்விளிம்பில் ஒரு மரச்சட்டம் அடித்துவிட்டால் மணல்பை வழுக்காது. முதுகுக்குச் சுவர் வேண்டும்.

வெளிச்சம் வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து, சற்று முன்னால், தாழ்வாக வர வேண்டும். தலைக்கு நேர் மேலே உள்ள டியூப்லைட்டில் கையின் நிழலே வேலையை மூடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மெல்லிய நிழல் விழும், ஊசி நுழையும் இடம் தெளிவாகத் தெரியும். தூரப்பார்வை சரியாக இருப்பவர்களுக்கு +3 கண்ணாடியில் 33 செ.மீ. தூரத்தில் தெளிவு கிடைக்கும், +4-இல் 25 செ.மீ. எண் கூடக்கூட முகம் வேலைக்கு நெருங்கும், கழுத்து குனியும். 80-ஆம் நம்பர் நூலுக்கு +3-க்கு மேல் போகாமல், தேவைப்பட்டால் ஸ்டாண்டில் பொருத்திய லென்ஸைப் பயன்படுத்துங்கள். பவர் ஏற்கெனவே இருந்தால் கண் மருத்துவரிடம் தூரத்தை அளந்து சொல்லியே கண்ணாடி கேளுங்கள். "கிட்டப் பார்க்க" என்று மட்டும் சொன்னால் புத்தகத் தூரத்துக்குத்தான் தருவார்கள்.

---

வெண்நூல்:

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: இலை முடிந்ததும் உருளையில் இருக்கும்போதே கவுச்சிங்கை வெட்டி எடுக்கலாமா, தனியாக எடுத்துவிட்டா?

---

மொட்டைஊசி:

உருளையில் வைத்து வெட்டவே கூடாது. வளைவில் இரண்டு துணியும் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும், கத்தரி நுழைய இடம் இருக்காது, வெளியிலிருந்து வெட்டப் போனால் எல்லைநூல் போய்விடும்.

குண்டூசிகளை எடுத்து, பேடை ஓர் இரவு தட்டையாக வைத்துவிடுங்கள். காலையில் இலையின் விளிம்பெங்கும் விரல் ஓட்டிப் பாருங்கள், எங்காவது எல்லைநூல் தையலில் பிடிபடாமல் விட்டுப்போயிருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். பிறகு பேடைப் பக்கவாட்டில் பிடித்து, இரண்டு துணிகளையும் ஒரு மூலையிலிருந்து மெதுவாகப் பிரியுங்கள். நடுவே கவுச்சிங் நூல்கள் சின்னச் சின்னக் கம்பிகளாக நிற்பது தெரியும். கூரான சிறு கத்தரியால் அவற்றை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனால் இரண்டு துணியும் தனித்தனியாக வந்துவிடும், லேஸைக் கத்தரி தொடவே தொடாது. தாளிலிருந்து இலையைத் தூக்கி எடுத்து, பின்பக்கம் தொங்கும் வெட்டுநூல் துணுக்குகளைச் சாமணத்தால் பிடுங்குங்கள். கவுச்சிங்குக்கு வேறு நிற நூல் போட்டிருந்தால் ஒன்றுகூடத் தப்பாது.